குறை ஞாயிறு

அதைக் கீழே வைக்காதீங்க தம்பி. பஸ் தரையில் வைத்தால் ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லாம் மிதித்துக்கொண்டு போவான். இப்படிக் குறுக்கே வையுங்க. பாதி உங்கள் மடியில், பாதி என் மடியில். கண்டக்டர் கேட்டால் கட்டில் சட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெட்ஷீட் சுற்றி, இரண்டு முனையிலும் சாக்கு வைத்துக் கட்டியிருக்கிறீங்க. மற்றவர்களுக்குக் கட்டில் சட்டம்தான். நடுவில் தடித்து, முனைக்குப் போகப் போக மெலிந்து, லேசாக முறுக்கிக்கொண்டு போகிற கட்டில் சட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ப்ரொப்பெல்லர்தானே?

முழிக்காதீங்க. நான் போலீஸ் இல்லை. நானும் அந்தக் கூட்டம்தான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு விமானம் கட்டுகிற கூட்டம்.

ஓசூரா. இந்தக் கட்டையைச் செதுக்கி வாங்கவா பொள்ளாச்சி வரைக்கும் வந்தீங்க? நாலு பேர் இருக்கிறீங்களா. நாலு பேரும் நாலு கொட்டகையில் தனித்தனியாகக் கட்டுகிறீங்க. ஒன்று முடியப் போகிறது, அது உங்களுடையது. சந்தோஷம். இனி ஒரு கிளப்பாகச் சேர்ந்தால் என்ன நன்மை என்று யோசிக்கிறீங்க. நன்றாக யோசியுங்க.

எந்தப் படத்தை வைத்துக் கட்டுகிறீங்க? பையிலேயே இருக்கிறதா? காட்டுங்க.

ம்.

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஒரு ஜெராக்ஸ். இருந்தாலும் தெரிகிறது. கீழே மூலையில் கோழி கிளறினது போல ஒரு கையெழுத்து இருக்கிறதே, படியுங்க. அவினாசியப்பன், நிறுவனர். அந்த அவினாசியப்பன்தான் உங்கள் கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கும்பிடெல்லாம் வேண்டாம், கட்டை விழுந்துவிடும்.

எப்போது மேலே போகப் போகிறீங்க? ஏப்ரலா. நல்ல வெயிலாக இருக்குமே.

இந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களை இறங்க விட மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டது கிளப்பைப் பற்றி. அதை முதலில் முடித்துவிடலாம். கோயமுத்தூர் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

கிளப்பால் யாருக்கு நன்மை? எல்லாருக்கும் நன்மை, ஆரம்பித்தவனைத் தவிர.

தனியாக விமானம் கட்டுகிறவன் பைத்தியம். இதில் சந்தேகமே வேண்டாம். எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. பின்பக்கக் கொட்டகையில் ஆறு வருஷம் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "ஏனுங், பந்தல் எப்ப முடியும்?" என்று கேட்பார். என் வீட்டுக்காரி மயிலாத்தாள் இறக்கைக் கம்பியில் பாவாடை காயப்போடுவாள். அதுவே ஐந்து பைத்தியம் சேர்ந்து ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டால் அது சங்கம். பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு, "தலைவருங்களா" என்று கூப்பிட்டார். பாவாடை மட்டும் அங்கேயேதான் காய்ந்தது.

அனுமதி கேட்டு ஓர் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். தனியாகப் போனபோது வெளியே பெஞ்சைக் காட்டினார்கள். சங்கத்தின் லெட்டர்பேடோடு நாங்கள் சேர்ந்து போனோம். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். இரண்டு தடவையும் காகிதம் கிடைக்கவில்லை. ஆனாலும் நாற்காலி, நாற்காலிதானே? எழுதி வைத்துக்கொள்ளுங்க, அது ஒரு நன்மை.

ஐந்து பேர் என்று சொன்னேன். அதில் இரண்டு பேர் இறக்கையைக் கட்டி முடிப்பதற்குள் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்கள் பெயர் எதற்கு? மிச்சம் மூன்று பேர். ஒன்று நான். இன்னொன்று சுலோச்சனா, மாட்டு டாக்டர், எங்களுக்கு டாக்டரம்மா. அந்தம்மாதான் செயலாளர். மாட்டுக் கொட்டகையில் இரண்டு மாட்டுக்கு நடுவில் இறக்கையைச் சாத்தி வைத்திருந்தது. ஒரு நாள் சிவலை மாடு இறக்கைத் துணியில் ஒரு முழத்தைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் மூன்று நாள் அந்த மாட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. பால் கறக்க ஏணி வைத்தார்கள்.

சிரியுங்க, சிரியுங்க. சிரிக்கத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது ஆள் ராயப்பன். பஞ்சாலையில் ஃபோர்மேன். பேச மாட்டான். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். யார் எது சொன்னாலும் எழுதிக்கொள்வான். என்னைவிடப் பத்து வயது இளையவன். அண்ணா, அண்ணா என்று என் பின்னாலேயே திரிந்தவன். நான் "இந்தப் போல்ட் போதும்" என்றால் எழுதுவான். "இன்றைக்கு வெயில் அதிகம்" என்றால் அதையும் எழுதுவான். மில்லில் பஞ்சுப் பேல் நிறுக்கிற தராசைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு விமானத்தையும் சக்கரம் சக்கரமாக நிறுத்தவன் அவன்தான். தனியாகக் கட்டுகிறவனுக்கு அந்தத் தராசு எங்கே கிடைக்கும்? அதுவும் நன்மைதான். தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடிக்கிற ஒரு துப்பாக்கியை மூன்று பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். பிளைவுட்டை மொத்தமாக எடுத்தோம். உடுமலைப் பக்கம் ஒரு பழைய மில் முதலாளி போட்டு வைத்த ஓடுதளம் முள் மண்டிக் கிடந்தது. தனியாளாகக் கேட்டிருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள். சங்கம் என்று போனதால் சாவியைக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சரிதான். கெடுத்தது ராயப்பனுடைய யோசனை.

ஒரு நாள் திடீரென்று வாயைத் திறந்தான். "அண்ணா, நம்ம சேர்ந்ததுல பெரிய நன்மை தராசும் துப்பாக்கியும் இல்லீங். ஒருத்தர் வண்டில வர்ற குறை மத்தவங்களுக்குத் தெரியணும். அப்பத்தான் அதே குறைல இன்னொருத்தர் விழமாட்டாங்க" என்றான். அவன் வாழ்க்கையில் பேசிய நீளமான பேச்சு அதுதான். டாக்டரம்மா அப்படியே பிடித்துக்கொண்டது. மாதம் இரண்டாவது ஞாயிறு எல்லாரும் மாட்டுக் கொட்டகையில் கூட வேண்டும். ஒவ்வொருத்தரும் அவரவர் வண்டியில் அந்த மாதம் கண்ட குறையைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சாப்பாடு. நாங்கள் அதைக் குறை ஞாயிறு என்போம். "எனக்குக் குறையே இல்லை" என்று சொல்கிறவருக்கு ஒரு தண்டனை. எல்லார் தட்டையும் அவர்தான் கழுவ வேண்டும்.

கேட்டுக்கொள்ளுங்க தம்பி. தப்பைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு சங்கம். உலகத்தில் எங்கேயாவது உண்டா?

டாக்டரம்மா எழுந்து, "சக்கரம் கழலாம இருக்கப் போடற காட்டர் பின்ன மறந்துட்டேன்" என்று சொல்லும், வெட்கமே இல்லாமல். ராயப்பன் நோட்டைத் திறந்து வரிசையாக ஏழெட்டுப் படிப்பான். என் முறை வரும். என் வண்டியில் குறை இல்லை என்பேன். மூன்று வருஷம், ஒரு ஞாயிறு விடாமல், அந்தக் கொட்டகையில் தட்டுக் கழுவினது நான் ஒருத்தன்தான். சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். மூஞ்சி தெரியும். இன்றைக்கும் சொல்வேன், அவினாசியப்பன் வண்டியில் குறை இருந்ததாக அந்த மூன்று வருஷத்தில் ஒருத்தன் சொல்லியிருக்க முடியாது.

குறைக்குப் பதிலாக நான் வேறு சொல்வேன். அவர்களுக்கும் அதுதான் வேண்டும். முதல் தடவை மேலே போனபோது ஒரு பருந்து பக்கத்திலேயே வந்ததே, அதைச் சொல்வேன். என் இறக்கையை ஒரு தடவை பார்த்தது, தன் இறக்கையை ஒரு தடவை பார்த்தது, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனைமலைக்கு மேலே ஒரு மேகம் என் வண்டி வாலில் மாட்டிக்கொண்டு வந்து, ஓடுதளத்தில் இறங்கினதும் அவிழ்ந்து, எங்கள் ஊருக்கு மட்டும் மழை பெய்தது. டாக்டரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ராயப்பன்கூடச் சிரிப்பான், சத்தம் வராமல். அவன் சிரித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம்.

அப்புறம் சங்கத்துக்கு ஒரு புத்தகம் போட்டோம். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இன்ஜின் எப்படி வைப்பது, பெட்ரோல் டியூப் எப்படிக் கொண்டு போவது என்று படம். யார் வண்டியைப் பார்த்துப் படம் போடுவது என்று பேச்சு வந்தது. ராயப்பன்தான் சொன்னான், "அண்ணன் வண்டியவே போடலாமுங். மூணு வருசமா அதுல குறையே இல்லியே" என்று. நோட்டைப் பார்த்துத்தான் சொன்னான். நானே வரைந்தேன். கையெழுத்தும் போட்டேன். அந்தப் படம்தான் உங்கள் கையில் இருக்கிறது. ராயப்பன் அவனுடைய இன்ஜினை மொத்தமாகக் கழற்றி, என் வண்டியில் இருக்கிற மாதிரியே மாற்றி வைத்துக்கொண்டான்.

பெருமையாக இருந்ததா என்று கேட்கிறீங்களா? இருக்காதா பின்னே?

அந்த ஏப்ரலில்தான் நெகமம் சமாச்சாரம். முப்பத்தைந்து நிமிஷமாகப் பறந்துகொண்டிருக்கிறேன். நெகமத்துக்கு மேலே வரும்போது கறிக்குழம்பு வாசம். ஆயிரம் அடிக்கு வருகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்க. கீழே பார்க்கிறேன், கல்யாணச் சீர் வீடு, பந்தல், இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜினை அணைத்தேன். அறுத்துவிட்ட சோளக்காட்டில் பூ மாதிரி இறக்கினேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். இரண்டு பந்தியும் உட்கார்ந்தேன். தாம்பூலப் பையோடு திரும்பிப் பறந்து வந்தேன்.

இதைத்தான் அந்தக் குறை ஞாயிறு சொன்னேன். டாக்டரம்மாவுக்குப் புரையேறிவிட்டது. ராயப்பன் சிரித்தான். சிரித்து முடித்து, பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டான், "ஏனுங்ணா, இன்ஜின் தானா நின்னுச்சுங்களா, நீங்க நிறுத்துனீங்களா?"

இரண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். அப்போதுதான் சிரித்து ஓய்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

"நாந்தானப்பா நிறுத்துனேன்" என்றேன்.

எழுதிக்கொண்டான்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? தானாகத்தான் நின்றது. சீரும் இல்லை, பந்தலும் இல்லை. காட்டுக்காரர் ஒருத்தர் அரிவாளோடு ஓடி வந்தார், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அரிவாளைக் கீழே போட்டுத் தண்ணீர் கொடுத்தார். கால் மணி நேரம் பனைமரத்து அடியில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிட்டது. என்ன காரணம் என்று வருகிற வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்ரோல் டியூப் சைலன்சரை ஒட்டிக்கொண்டு போகிறது. வெயில் காலத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடினால் டியூபுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். இன்ஜினுக்கு ஆவிதான் போகும். வீட்டுக்கு வந்ததும் டியூபை அந்தப் பக்கத்திலிருந்து கழற்றி இந்தப் பக்கம் சுற்றிக் கொண்டு வந்தேன். ஒரு மணி நேர வேலை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. என் வண்டி, என் டியூப்.

சொல்லியிருக்கலாம் என்கிறீங்க. சொல்லக் கூடாது என்று நான் எங்கே நினைத்தேன்? அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த ஞாயிறு வந்தது. உட்கார்ந்ததும் டாக்டரம்மா, "அண்ணா, இந்த மாசம் எந்த ஊர்ப் பந்தி?" என்று ஆரம்பித்துவிட்டது. ஆள் அப்படிக் கேட்கும்போது நான் எழுந்து நின்று, "அம்மணி, போன மாதம் சொன்னது பொய், என் படத்தில் தப்பு, மூன்று வருஷம் தட்டுக் கழுவினது வீண்" என்று சொல்வேனா? ஆழியாறு டேமில் சக்கரத்தை நனைத்து மீன் பிடித்த கதையைச் சொன்னேன். தட்டைக் கழுவினேன். ராயப்பன்தான் துடைத்து அடுக்கினான். துடைக்கும்போது அவனிடமாவது சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "தட்டு நல்லா மின்னுதுங்ணா" என்றான். விட்டுவிட்டேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, மே மாதம், ராயப்பன் ஏறினான்.

அவன் ஒருபோதும் இருபது நிமிஷத்துக்கு மேல் பறந்ததில்லை. அன்றைக்கு நாற்பது நிமிஷம் போனான். ஏன் போனான் என்றால், நோட்டில் இருந்தது. "ஏப்ரல், அண்ணன் வண்டி, முப்பத்தைந்து நிமிஷம், குறை இல்லை." அதை வைத்துத்தான் போனான். திரும்பி வரும்போது, ஓடுதளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், முந்நூறு அடியில், இன்ஜின் நின்றது. கீழே முழுக்கத் தென்னந்தோப்பு. எனக்குக் கிடைத்த சோளக்காடு அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தென்னை மரம்தான் அவனைக் கையேந்தி வாங்கிக்கொண்டது. வாங்கி, இடுப்பில் வைத்து, இன்னொரு மரத்திடம் கொடுத்தது. அது அடுத்ததிடம் கொடுத்தது. இளநீர் ஒன்றுதான் பாக்கி, மற்ற எல்லா உபசாரமும்...

அங்கே சிரிக்கக் கூடாது தம்பி.

இல்லை, தப்பு என் பேரில்தான். அப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வாய் அப்படித்தான் வருகிறது.

இடுப்பு எலும்பு, வலது தொடை. ஏழு மாதம் படுக்கை. ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மாதான் முதலில் போனது. மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா? "அண்ணன் நாந்தான் நிறுத்துனேன்னு சொன்னாருங்களே டாக்டரம்மா." இவ்வளவுதான். அதை அந்தம்மா என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? நான் சொல்வதை இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் யாராவது நம்புவார்களா? மழை பெய்கிறது என்று நான் சொன்னால் மயிலாத்தாள் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி எடுப்பாள். நாற்பது வருஷமாக அப்படித்தான். ஊரே நம்பாத ஒருத்தன் பேச்சை இவன் ஒருத்தன் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு நம்பினால் நான் என்ன செய்வது? பருந்து தலையில் அடித்துக்கொண்டது என்று சொன்னேனே, அதையும் நம்பினானா? அது நோட்டில் இருந்ததா? எது கதை, எது இல்லை என்று பிரிக்கத் தெரிய வேண்டாமா ஒரு ஃபோர்மேனுக்கு?

அடுத்த மாதக் குறை ஞாயிறு. ராயப்பன் இல்லை. டாக்டரம்மா அதற்கு முன்னாலேயே என் கொட்டகைக்கு வந்து வண்டியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மயிலாத்தாள் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"அண்ணா, உங்க வண்டில டியூப் எப்ப மாத்துனீங்க?" என்றது.

"அது போன வருசமே மாத்திட்டனுங்களே."

"படம் போட்டது இந்த ஜனவரிலிங்ணா. படத்துல பழைய பக்கந்தான இருக்குது?"

மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். "இன்னைக்காவது ஒரு குறை சொல்லுங்ணா. ஒண்ணே ஒண்ணு. நீங்களா சொன்னீங்கன்னா ராயப்பங்கிட்ட நான் போய்ப் பேசிக்கறேன்" என்றது. கெஞ்சின மாதிரி இருந்தது.

எனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

"என் வண்டில குறை இல்லீங்."

அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. கழுவத் தட்டும் இல்லை.

அடுத்த வாரம் சங்கத்துப் பலகையில் என் பெயர்மேல் டாக்டரம்மா பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டது. நிறுவனர் என்கிற வார்த்தை மட்டும் மேலே நிற்கிறது, கீழே ஆள் இல்லை. பெயர் வைத்தது நான், ஸ்டாம்ப் செய்தது நான், ஓடுதளத்துச் சாவி வாங்கினது நான். அது ஒன்றையும் யாரும் நினைக்கவில்லை. ஒரு பேச்சு, ஒரே ஒரு விளையாட்டுப் பேச்சு, அதற்காக. அந்தப் பலகைகூட இப்போது இல்லை. டாக்டரம்மா மாறுதலாகித் தெற்கே போய்விட்டது. போகும்போது தன் வண்டியை இறக்கை வேறு, உடம்பு வேறாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. சங்கம் முடிந்தது. புத்தகம் மட்டும் முடியவில்லை. ஓசூர் வரைக்கும் வந்திருக்கிறது பாருங்க.

கிளப்பு கட்டினால் என்ன நன்மை என்று கேட்டீங்களே. இதுதான். உங்களை நம்புகிறவன் ஒருத்தன் கிடைப்பான். ஜாக்கிரதையாக இருங்க.

சரி. உங்கள் வண்டியில் பெட்ரோல் டியூப் எந்தப் பக்கம் போகிறது? படத்தில் இருக்கிற மாதிரியேதானா? சைலன்சரை ஒட்டியா? மாற்றிவிடுங்க தம்பி. போனதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்க.

என்ன சிரிக்கிறீங்க?

இல்லை, இது அது மாதிரி இல்லை. மாடு ஏணி வைத்துக் கறந்தது கதை. பருந்து கதை. சீர் வீடு கதை. டியூப் கதையில்லை. ராயப்பன் கதையில்லை. தென்னை மரம் உண்மை, கையேந்தி வாங்கியது மட்டும்தான் என் வாய். சத்தியமாகச் சொல்கிறேன். என்ன, "அய்யா நல்லா ஜோடிக்கறீங்க" என்கிறீங்களா? மூன்று வருஷம் குறையில்லாத படம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்கிறீங்களா? போட்டது நான்தானே. அந்த வரியை எழுதினதே நான்தான். எழுத்தில் இருந்தால் நம்புவீங்க, எழுதினவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் நம்ப மாட்டீங்களா?

தலையை ஆட்டுகிறீங்க. ஆனால் மாற்ற மாட்டீங்க. எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஒரு கிழவன் நன்றாகப் பொழுது போக்கினான் என்று ஓசூரில் மூன்று பேரிடம் சொல்வீங்க. அவர்களும் சிரிப்பார்கள். ஏப்ரலில் ஏறுவீங்க.

மணி என்ன? கிணத்துக்கடவு வரப்போகிறது. மாதம் இரண்டு தடவை கண் டாக்டரைப் பார்க்க இந்த வழியாகத்தான் போகிறேன். இந்த ஊர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறேன் என்று கண்டக்டர் நினைத்துக்கொள்வார். ஸ்டாப்பிலிருந்து உள்ளே பத்து நிமிஷ நடை. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. வாசலில் உட்கார்ந்தபடியே ராயப்பன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறானாம். நான் போனதில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

இறங்குகிறீங்களா தம்பி? ஓசூருக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று.

நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் பிரயோசனம் இல்லை. ராயப்பனுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. "அண்ணன் நாந்தான் நிறுத்துனேன்னு சொன்னாருங்" என்றுதான் சொல்வான். டாக்டரம்மா டியூபைப் பார்த்தது, பலகையில் பெயின்ட் அடித்தது, எல்லாம் அவன் காதுக்குப் போயிருக்கும். ஆனால் அவன் கேட்டது என்னிடம். என் வாயிலிருந்து வேறு பதில் அவனுக்குப் போய்ச் சேரவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு இன்னும் காத்துக்கொண்டிருக்கிற ஆள் அவன். நான் வந்து சொல்ல வேண்டும். அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நான் அதைச் சொல்வதை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டால், அப்போது நம்புவீங்க. அவன் என்னை வெளியே போகச் சொன்னால் இன்னும் நல்லது, உடனே நம்புவீங்க.

எழுந்திருங்க. கட்டையை நான் பிடிக்கிறேன், நீங்கள் முன்னால் போங்க. கண்டக்டர், விசில் அடிங்க, ரெண்டு பேர் இறங்கணும். கட்டில் சட்டம்தானப்பா, பார்த்து, பார்த்து.

ஒன்று மட்டும் செய்யுங்க தம்பி. வழியில் நான் எதையாவது ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்க. கோபித்துக்கொள்ள மாட்டேன். தானாகத்தான் நின்றது. இரண்டே வார்த்தை, பத்தே நிமிஷ நடை. அவன் வாசலுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் என்னைப் பேச விடாதீங்க.